பீப் அடித்தால் பேச வேண்டும்

எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஒரு வேலையும் ஓடாது. தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டு எடை ஏறி வருபவரைத் திட்ட வேண்டும், பாதியில் எழுந்து போகிறேன் என்பவரை அதட்டி உட்கார வைக்க வேண்டும், வராத டாக்டரை வரவழைக்க வேண்டும். அப்படிப்பட்ட என்னைத்தான் பேச்சில் ஃபெயில் ஆக்கினார்கள். வயிறு எரியாதா?

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் பஸ் ஓட்டுகிறார். போய் வருஷக்கணக்கில் ஆகிறது. அவர் இருக்கும் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரி எனக்கு வேலை தரச் சம்மதித்துவிட்டது. ஒரே நிபந்தனை, இந்த வருஷம் முடிவதற்குள் ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் நான் தேற வேண்டும். தேறினால் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடலாம். தேறாவிட்டால் போனிலேயே குடித்தனம். போன் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் அவருக்குச் சிக்னல் போய்விடும். எப்படித்தான் அவ்வளவு சரியாகப் போகுமோ!

எந்தப் பரீட்சை எழுதுவது என்று பேச்சு வந்தது. ஒன்றில் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்பார். இன்னொன்றில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். மார்க் போடுவதும் அதுதான்.

"கம்ப்யூட்டர் பரீட்சையே எழுதுடி," என்றார் வீட்டுக்காரர். "எதிர்ல ஆளு உக்காந்தா நீ சண்டை போட்டுடுவே."

"நான் எப்பங்க சண்டை போட்டேன்?"

"இதோ, இப்ப."

பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

நான் சேர்ந்த கோச்சிங் சென்டரின் வாத்தியாரும் அதையேதான் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆக்சுவலி மாஸ்டர். அந்தச் சொல் இல்லாமல் அவர் தும்மக்கூட மாட்டார். "ஆக்சுவலி, நீங்க நாளெல்லாம் மிஷினுங்களோடதானே இருக்கீங்க? கம்ப்யூட்டரோட பேசறது உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு."

நானும் நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பரீட்சை அறையில் தடுப்புத் தடுப்பாக மேசைகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒருவர் ஹெட்போனோடு கத்திக்கொண்டிருந்தார். சந்தை தோற்றது. என் திரையில் முதல் கேள்வி வந்தது. ஒரு 'பீப்' அடிக்கும், அடித்ததும் பேச வேண்டும் என்பது விதி.

பீப் அடித்தது. என் கை தானாகப் போய் 'அடுத்து' என்ற பொத்தானை அமுக்கிவிட்டது.

எங்கள் வார்டில் ஒரு மெஷின் பீப் என்றால் முதலில் அதன் வாயை அடைக்க வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் குழாயைப் பார்ப்போம், அப்புறம் ஆளைப் பார்ப்போம். பதினைந்து வருஷமாக இந்தக் கை அதைத்தான் செய்கிறது. இரண்டாவது கேள்விக்கும் பீப், அமுக்கினேன். மூன்றாவதுக்குக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அப்போது பக்கத்துத் தடுப்பில் யாருக்கோ பீப் அடிக்க, நான் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டேன்.

"மேடம், உக்காருங்க," என்று கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"அவருக்கு பிரஷர் இறங்குதான்னு பார்த்தேன்," என்றேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

படிப்பு, எழுத்து, கேட்டல் எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். பேச்சில் வாங்கிய மார்க்கை எங்கள் வீட்டு மிக்ஸி எழுதியிருந்தாலும் வாங்கியிருக்கும்.

அந்த மார்க்கோடு நேராகக் கோச்சிங் சென்டருக்குப் போனேன். மாஸ்டரின் அறைக் கதவு எப்போதும் விரியத் திறந்தே இருக்கும். நான் போடப் போகிற சத்தம் வெளியே இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டாமே என்று கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன். சாத்தியதும் கதவுக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. அதில் ஒரு போஸ்டர். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கென்றே ஓர் ஆங்கிலப் பரீட்சையாம். பேச்சுத் தேர்வில் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகவே பேச வேண்டும். நான் சேரப்போகும் ஆஸ்பத்திரி ஏற்கும் பரீட்சைகளில் அதுவும் ஒன்று.

"இது என்ன மாஸ்டர்?"

"ஆக்சுவலி..." என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போகவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "அதுக்கு இங்க சொல்லிக்குடுக்க ஆள் இல்லம்மா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கதவைச் சாத்தியது நல்லதாகப் போயிற்று.

நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வார்டில் அவர் பெயர் புகார்ப்பெட்டி. என்னைவிடச் சின்னவர். பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவர், சிறுநீரகம் போனதும் வேலையும் போயிற்று. விருந்தாளிகள் திட்டித் திட்டியே அவருக்கு ஆங்கிலம் வந்ததாம். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் இப்போது எங்கள்மேல் இறக்கிக்கொண்டிருந்தார். ஏசி அதிகம், போர்வை சின்னது, பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை. இன்னொரு சங்கதி, அவருடைய நரம்பு ஒளிந்து விளையாடும் நரம்பு. முதல் குத்திலேயே அதைப் பிடிக்கத் தெரிந்தவள் வார்டில் நான் ஒருத்திதான். வேறு யாராவது ஊசியோடு வந்தால் கட்டடம் அதிரக் கத்துவார்.

விஷயத்தைச் சொல்லி நடிக்கக் கேட்டதும், "நீங்க பாஸ் ஆனா போயிடுவீங்க," என்றார்.

"ஆமா."

"எனக்கு யாரு ஊசி போடுவா?"

"அது ஒரு புகாரு. அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் பாருங்கள்! ஊசி தடிமன், நர்ஸுக்கு மரியாதை போதாது, அறையில் வெந்நீர் வரவில்லை.

"இங்க ஏது சார் அறை?"

"பழக்கதோஷம். நீங்க பதிலைச் சொல்லுங்க."

மாஸ்டர் மனப்பாடம் செய்ய வைத்ததை எடுத்து விட்டேன். உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். புகார்ப்பெட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ சிஸ்டர், இது நான் கவுன்ட்டர்ல தினம் சொன்ன பொய்யாச்சே! இதைக் கேட்டு ஒருத்தன்கூட அடங்கினதில்ல. சொந்தமா ஏதாவது சொல்லுங்க."

இப்படியே நாட்கள் ஓடின. மெஷின் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தது, அவர் என் ஆங்கிலத்தைச் சுத்தம் செய்ததாகச் சொல்லிக்கொண்டார். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு புதுப் புகார் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். "சிஸ்டர், எனக்கு அலுத்துவிட்டது. இனிமேல் வருவதாக இல்லை."

நான் வழக்கம்போல் உணர்வு புரிகிறது என்று ஆரம்பித்தேன்.

"ஃபெயில்," என்று தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நடிப்பு நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டு நான் அடுத்த நாற்காலிக்குப் போனேன்.

பரீட்சையில் எதிரே உட்கார்ந்தது ஒல்லியாக ஓர் அம்மாள். கையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு நோயாளியாக மாறினார். தனக்கு நீண்ட நாள் சிகிச்சை என்றார். களைத்துப்போய்விட்டதாம், நாளையிலிருந்து வரப்போவதில்லையாம்.

எனக்குச் சுரீர் என்றது. அன்றைக்கு அந்த மனுஷன் நடிக்கவில்லை. அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியவில்லை! அந்தக் கோபமெல்லாம் ஆங்கிலமாக வந்தது. "வராமல் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "அலுத்தால் என்னைத் திட்டுங்கள், கத்துங்கள், போர்வை சின்னது என்று சொல்லுங்கள். நாள் முழுக்கக் கேட்கிறேன். ஆனால் வாருங்கள். உங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தால் அதை நான்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது."

அந்த அம்மாள் அட்டையைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது. "சரி, வருகிறேன்," என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் புகார்ப்பெட்டியின் நாற்காலி பக்கம் போய் அதே வார்த்தைகளை அவரிடம் தமிழில் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. அவர் மெஷினைப் பார்த்தபடி கேட்டார்.

"நாற்காலி காலியா கிடந்தா பிடிக்காதாம். போறது யாரு?"

நான் போர்வையை அவர் கால்வரை இழுத்துப் பார்த்தேன், சின்னதுதான்.

பரீட்சையில் தேறினேன். செய்தியைச் சொன்னபோது வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நின்று கத்திய கத்தல் இங்கே எல்லோருக்கும் கேட்டது. சிக்னலும் போகவில்லை.

மிச்சம் இருந்த வாரங்களில் புதிதாக வந்த நர்ஸுக்கு அந்த ஒளிந்து விளையாடும் நரம்பைக் காட்டிக் கொடுத்தேன். இங்கே தொடு, துடிக்கும், அவசரப்படாதே, அவர் கத்துவார், கண்டுகொள்ளாதே. ஆனால் குத்துவதை என்னவோ நானேதான் செய்தேன், கடைசி நாளுக்கு முந்தின முறை வரை.

கடைசி நாள் ஊசியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். முதல் குத்து தவறியது. கட்டடம் அதிரப்போகிறது என்று வார்டே காத்திருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில்தான் ரத்தம் குழாயில் ஏறியது. அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

நான் அருகில் போய்க் குனிந்தேன். "வலிச்சுதா சார்?"

புகார்ப்பெட்டி சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசி இல்லாத கையால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஹோட்டல் மேசைக்குப் பின்னால் நிற்பவரைப் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நோ கம்ப்ளெயின்ட்ஸ், சிஸ்டர்," என்றார்.