செம்பூராங்கல்லின் ஒரே கச்சேரி

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். அன்றைக்குக் காலையிலிருந்தே கண்ணில் பட்டவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கீரமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில் எங்கள் குழுவின் முதல் கச்சேரி. பெங்களூரிலிருந்து ஒரு இசை நிறுவனத்து ஆள் எங்களைக் கேட்பதற்கென்றே வந்திருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். ஆனால் மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்தால், மூன்றாவது வரிசையில் என் அம்மா முனியாயி உட்கார்ந்திருக்கிறாள். வரவே கூடாது என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

குழுவின் பெயர் செம்பூராங்கல், எங்கள் பக்கத்துச் சிவப்புப் பாறையின் பெயர். அரிமளத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் சிவபிரகாஷ் கிட்டார். ஆலங்குடி பீட்டர் அண்ணன் சாக்ஸபோன். ஞாயிறு காலையில் சர்ச்சில் பாட்டு, மற்ற நேரமெல்லாம் ஜாஸ். வைஷ்ணவி தன் வீணையை கிட்டார் பெடலில் இணைத்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஒரு சத்தம் எடுப்பாள். நான் உறுமி. இதையெல்லாம் கலந்தால் சைகடெலிக் ராக் என்று சிவபிரகாஷ் சொன்னான். பீட்டர் அண்ணனின் மனைவி ஷர்லி அக்கா, "மூடி போடாம மிக்சிய ஓட்டுன மாதிரி இருக்கு" என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்.

எங்கள் கடைசிப் பாட்டுதான் பிரச்சினை. ஒருநாள் சிவபிரகாஷ் வீட்டில் அழைப்பு அடியை வாசித்துக் காட்டினேன். எங்கள் ஊர்க் கருப்பர் கோயிலில் சாமியைக் கூப்பிட வாசிக்கும் அடி அது. அவன் அதைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, லேப்டாப்பில் திரும்பத் திரும்பச் சுற்றுகிற மாதிரி ஆக்கிவிட்டான். அதன் மேல்தான் அந்தப் பாட்டு முழுக்க நின்றது. கோயிலில் அழைப்பு அடி வாசித்தால், முடிவில் மலையேற்றும் அடியையும் வாசித்தாக வேண்டும். அப்போதுதான் வந்த சாமி இறங்கிப் போகும். இல்லாவிட்டால் வந்தது உடம்பிலேயே நின்றுகொள்ளும் என்பார்கள். சிவபிரகாஷ் அந்த இன்னோர் அடியைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏசி ரூமில் எந்தச் சாமி வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கருப்பர் வருவது என் அம்மாவுக்குத்தான். வந்தால் ஆட்டம் லேசில் அடங்காது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இனிமே ஆடுனா உசுருக்கு உத்தரவாதம் இல்ல" என்று டாக்டர் என்னிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருஷத் திருவிழாவுக்கு அவளைத் திருச்சியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அந்த அடியும் அவளும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

மேடையிலிருந்து இறங்கிப் போனேன்.

"ஒன்ன யாரு வரச் சொன்னா?"

"ஊரே வருது. பெத்தவ வரக் கூடாதா?" நல்ல சேலை, முகத்தில் பவுடர். பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"சரி, கேளு. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி எந்திரிச்சு வெளிய போயிரணும். ஷர்லி அக்கா வந்து கூப்புடுவாங்க. அங்கிட்டுப் போயி டீ குடி."

"போறேன்டா. நீ போயி வேலயப் பாரு."

சிவபிரகாஷிடம் போய், கடைசிப் பாட்டை விட்டுவிடலாம் என்றேன். "அதக் கேக்கத்தான்டா அந்தப் பெங்களூர்க்காரரு அம்புட்டுத் தூரம் வந்திருக்காரு" என்றான். "அம்மாதான் வெளிய போயிருவாங்கள்ல?" அவன் கேட்டதில் தப்பில்லை. இருந்தும் அவன் கழுத்தைப் பிடிக்கலாமா என்றிருந்தது.

கச்சேரி நன்றாகவே போனது. முதலில் முழித்த கூட்டம் பிறகு காலால் தாளம் போட ஆரம்பித்தது. பெங்களூர்க்காரர் தலையை ஆட்டிக்கொண்டே போனில் வீடியோ எடுத்தார். கடைசிப் பாட்டுக்கு முன் ஷர்லி அக்கா அம்மாவின் தோளைத் தொட்டுக் கூப்பிட்டது தெரிந்தது. அம்மா அசையவில்லை. முகத்தை மேடையை விட்டுத் திருப்பாமலே கையை வீசி, போ போ என்றாள்.

அதற்குள் சிவபிரகாஷ் பட்டனைத் தட்டிவிட்டான்.

நானே வாசித்த அடி, பெரிய ஸ்பீக்கரிலிருந்து என் மேலேயே வந்து விழுந்தது. நான் அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் தோள் துடிக்க ஆரம்பித்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் மூடிவிட்டது. தாடை கிட்டித்தது. சாமி வருமுன் அவள் முகம் அப்படித்தான் ஆகும். அடியைக் கெடுத்துவிடலாம் என்று நான் தாளம் தப்பி வாசித்துப் பார்த்தேன். லேப்டாப்புக்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து பவுடரில் கோடு போட்டது.

பீட்டர் அண்ணன் சாக்ஸபோனை உச்சத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே பிடித்திருந்தார். நான் உறுமியைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

சாக்ஸபோன் கொஞ்ச நேரம் தனியாகக் கத்திவிட்டு அடங்கியது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். சிவபிரகாஷ் கெட்ட வார்த்தையில் திட்டியது மைக்கில் கேட்டது. நான் எதையும் பார்க்காமல் கீழே குதித்து ஓடினேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். கண் முழுக்கக் கோபம்.

"ஏன்டா நிப்பாட்டுன?"

"ஒனக்குத்தான் வந்துருச்சுல்ல!"

"வந்துச்சு. இருக்கச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"எம்மவன் பாட்டு முடியட்டும், அதுவரைக்கும் செத்த பொறுத்துக்கய்யான்னு கருப்பர்கிட்டச் சொல்லி வச்சிருந்தேன். கடேசில நீ மலையேத்தி விட்ருவன்னு இருந்தேன். பாதியில அத்து விட்டுட்டியேடா." நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இப்ப வரவும் முடியாம, போகவும் முடியாம உள்ள நிக்கிது."

தெரியாதவன் பாதியில் நிறுத்தினால் பரவாயில்லை. இந்த அடியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான் நிறுத்திவிட்டேன். அவள் ஆடிவிடுவாளோ என்று நான் பயந்தேன். ஆடி என் கச்சேரியைக் கெடுத்துவிடுவோமோ என்று அவள் பயந்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் ஷர்லி அக்கா.

"அடிச்சு முடிக்கட்டும். அப்பறம் எங்க வேணாலும் கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி நான் எந்திரிக்க மாட்டேன்."

வேறு வழியில்லை. உறுமியை எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தேன். அழைப்பு அடியை விட்ட இடத்திலிருந்து, முடிந்தவரை மெதுவாக எடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே ஆடினாள். பீட்டர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, ஒரே ஒரு ஸ்வரத்தை அடியோடு இழைய ஊதினார். வைஷ்ணவி பெடல் இல்லாத வீணையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். சிவபிரகாஷ்தான் கடைசியில் வந்தான். கோபம் குறையாமலே, வயர் இல்லாத கிட்டாரை வாசித்தான். நான் மலையேற்றும் அடிக்கு மாறினேன். அவர்கள் யாரும் அதற்குமுன் அதைக் கேட்டதில்லை. ஆனாலும் என் கையைப் பார்த்தே கூட வந்தார்கள். செம்பூராங்கல் ஒழுங்காக ஒரு பாட்டை வாசித்தது என்றால் அது அன்றைக்கு, அந்த நாற்காலிக்கு முன்னால்தான். பெங்களூர்க்காரர் அதற்குள் காரில் ஏறிப் போயிருந்தார்.

அம்மாவின் தலை நெஞ்சில் சாய்ந்தது. என் கை அப்படியே நின்றது. போனது சாமியா, அவளா என்று தெரியவில்லை. நான் உளறிக்கொண்டே அவள் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன்.

"தண்ணி குடு" என்றாள்.

சிவபிரகாஷின் காரில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழு அத்தோடு முடிந்தது என்று எங்கள் எல்லோருக்குமே தெரிந்திருந்தது. பின்சீட்டில் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். மூச்சு சீராக வருகிறதா என்று நான் அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே நான் வாசிக்கவே மாட்டேம்மா" என்றேன்.

"வாசிடா. நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "இனிமே நான் வரல" என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை, நீ வா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.