அறுபத்திரண்டு மூச்சு

அம்மாவின் உடலைக் குளிப்பாட்ட மூன்றாவது குடத்தைப் பார்த்திபன் இறக்கி வைத்தபோது, உள்ளேயிருந்து மனைவி நதியா கூப்பிட்டாள். வாசலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். குழியும் வெட்டியாகிவிட்டது.

நதியாவின் மடியில் மகள் கவியா கிடந்தாள். ஒன்றரை வயது. மூன்று நாளாகச் சளி, காய்ச்சல்.

"சுரம் வுட்ருச்சே. தூங்கட்டும், வுடு."

"தூங்கல மாமா. எழுப்புனா கண்ணத் தொறந்து தொறந்து மூடிக்குது. பால் குடிக்கல." அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கினாள். "இங்க பாரு."

ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது.

"கடிகாரத்தப் பாத்து ரெண்டு தரம் எண்ணிட்டேன். நிமிசத்துக்கு அறுபத்திரண்டு. நாப்பது தாண்டினாலே தூக்கினு வந்துடணும்னு நர்சம்மா சொல்லிச்சு."

ஊரில் இருந்தது ஒரே ஜீப், அவனுடையது. அந்த மலைப்பாதையில் அதை ஓட்டக்கூடியவனும் அவன் ஒருவன்தான்.

வாசற்படியில் அக்கா பாஞ்சாலை நின்றாள். "பொணத்தப் போட்டுட்டு ஒத்தப் புள்ள எங்கடா போற? ஒரு மணி நேரத்துல எடுத்துடலாம். அப்பறம் போ."

பார்த்திபன் மனைவியைப் பார்த்தான். அவள் கெஞ்சவில்லை. குழந்தையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசைய மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். ஈர வேட்டியோடு அம்மாவின் கால்மாட்டைத் தாண்டி நடந்தபோது மேளம் நின்றது.

வளைவுக்கு வளைவு கேட்டான். "மூச்சு வருதா?"

"வருது. நீ ரோட்டப் பாரு."

நான்காவது வளைவில் பதில் வரத் தாமதமானது. அவன் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத மாமா. வருது."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் சீட்டுக் கேட்கவில்லை. குழந்தையின் விரலில் ஒரு கருவியை மாட்டினாள், எண்ணைப் பார்த்தாள், உடனே ஆக்சிஜனைத் திறந்தாள். டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"நிமோனியா. கீழ திருப்பத்தூர் கொண்டுபோகணும். எப்பலேர்ந்து இப்டி இழுக்குது?"

"காலையிலேர்ந்து," என்றாள் நதியா.

காலையில் அவள் இரண்டு முறை அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். எழவு வீட்டில் என்ன பேச்சு, அப்புறம் வா என்று இரண்டு முறையும் அவன்தான் அனுப்பிவிட்டான். அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆம்புலன்சில் ஏறப்போனவனை அவள் கையால் தடுத்தாள். "நீ போய் அத்தைய எடு. அங்க அத்தன சனம் காத்துனு கீது. கீழ போனதும் போன் பண்றேன்."

கதவு சாத்தப்பட்டது.

அவன் திரும்பி வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. யாரும் கலைந்து போயிருக்கவில்லை. பாஞ்சாலை ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். காலி சீட்டில் குழந்தையின் ஒற்றைக் கொலுசு கிடந்தது.

"கொயந்த?"

"ஆக்சிஜன் வெச்சிக் கீழ அனுப்பிட்டாங்க. நதியா கூடப் போயிருக்கா."

அவள் கொலுசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "சடங்கு நடுவுல வெளிய போய்ட்டு வந்திருக்க, மறுபடி தலைக்கு ஊத்தணும். உக்காரு" என்று குடத்தைத் தூக்கினாள்.

பார்த்திபன் குந்தினான். செல்போனை ஒரு கையில் பிடித்து, தண்ணீர் படாமல் உயரத் தூக்கிக்கொண்டான். பாஞ்சாலை அந்தக் கையைப் போன் நனையாதபடி ஓரமாக விலக்கி, மெதுவாக ஊற்றினாள்.