யாருக்கும் இல்லாத திங்கள்

முப்பத்தொரு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு நானும் என் கணவன் அட்டிலியோவும் பிரிந்தோம். வீடு, கார், தையல் மிஷின், நாய் என்று எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் பிரித்துக்கொண்டோம். சண்டை வந்தது எர்மினியோவின் சாப்பாட்டுக் கடைக்காகத்தான். அல்மாக்ரோ பேட்டையில் எங்கள் தெருமுனையில் பன்னிரண்டு மேசை போட்ட சின்னக் கடை அது. இருவரில் ஒருவரும் அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் எர்மினியோவே பஞ்சாயத்து செய்துவைத்தார். செவ்வாய், வியாழன், சனி எனக்கு. புதன், வெள்ளி, ஞாயிறு அவனுக்கு. திங்கள் கடைக்கு விடுமுறை.

இருபத்தொன்பதாம் தேதியை மூன்று பேருமே மறந்துவிட்டோம். புவனோஸ் அயர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள் மறக்கிற விஷயமா அது? மாதாமாதம் அன்றைக்கு ஞோக்கி சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கை மசித்து மாவு சேர்த்து உருட்டிய குட்டி உருண்டைகள், மேலே தக்காளிக் குழம்பு. தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துச் சாப்பிட்டு, அடுத்த இருபத்தொன்பது வரை அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தால் ராசி. ஆகவே கடை திறந்திருக்கிற எந்தக் கிழமையானாலும் அன்றைக்கு நானும் போவேன், அவனும் வருவான். என் நாளாக இருந்தால் நான் முறைப்பேன். அவன் நாளாக இருந்தால் அவன் முறைக்க மாட்டான், விசைப் பாட்டிலை அமுக்கித் தன் கிளாசில் சோடாவை மட்டும் கொஞ்சம் பலமாகப் பீய்ச்சுவான். எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

ஆனால் அங்கே சுவரில் ஒரு பழைய கண்ணாடி உண்டு. என் ஜன்னலோர மேசையிலிருந்து பார்த்தால், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் அவன் மேசை அதில் என் மேசையோடு ஒட்டிக்கொண்டு தெரியும். சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் ஆவி வந்து கண்ணாடி மங்கும். அந்த மங்கலில் அவன் என் எதிரே உட்கார்ந்து, ரொட்டியால் குழம்பை வழித்துத் தின்றுகொண்டிருப்பான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாதம் முழுக்க நான் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

அந்த வருடம் பிப்ரவரியில் இருபத்தொன்பது கிடையாது. அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, தட்டை வைத்துவிட்டு எர்மினியோ நகராமல் நின்றார்.

"நெலிதாம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்குவேன். சொல்லுங்க."

"அட்டிலியோ ஊரை விட்டே கிளம்புறாரு. மார் தெல் பிளாத்தாவுக்கு, தங்கச்சி வீட்டோட. வியாழக்கிழமை பஸ்ஸாம்."

"போகட்டும். கடல் காத்து உடம்புக்கு நல்லது."

"அவ்வளவுதானா?"

"பின்ன, மேளம் வச்சு வழியனுப்பணுமா? கறி செருப்பு மாதிரி இருக்கு, உள்ள போய் சொல்லுங்க."

கறி நன்றாகத்தான் இருந்தது. பாதியிலேயே தட்டைத் தள்ளிவைத்தேன். வியாழனுக்குள் இருபத்தொன்பது வராது, அதாவது அவனை இனி நான் பார்க்கப்போவதில்லை. ஞாயிறன்று உடை மாற்றி வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன், இரண்டு முறை. அது அவன் நாள். அன்றைக்குப் போய் நின்றால் எதற்கு வந்தேன் என்று கடைக்கே தெரிந்துவிடும். என் திமிர் எனக்குப் பெரிது.

திங்கள் கார்னிவல் திருவிழா விடுமுறை. ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. மதிய வெயிலில் தெருக்கள் கண்ணை மூடிக் கிடந்தன, எங்கேயோ தொலைவில் யாரோ முரசு பழகிக்கொண்டிருந்தார்கள். திங்கள் யாருடைய நாளும் இல்லை, அதனால் யாருக்கும் தோல்வி இல்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கடை மூடியிருக்கும் என்று தெரியும். கைப்பையைக்கூட எடுக்கவில்லை. மர நிழல்கள் சாலையில் தண்ணீர்போல அசைந்தன, என் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே, படியில் அட்டிலியோ உட்கார்ந்திருந்தான்.

"கடை லீவு," என்றான்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும்."

ஒரு காலத்தில் நான் அவனைக் குண்டு என்றும் அவன் என்னை ஒல்லி என்றும்தான் கூப்பிடுவோம். இங்கே எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு பெயர் ஓடும். இப்போது அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். நான் ஒல்லி இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஷட்டர் கரகரவென்று மேலே ஏறியது. கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு எர்மினியோ நின்றார்.

"ரெண்டு பேரும் என் வாசல்ல என்ன சதி பண்றீங்க? உள்ள வாங்க. இந்த மாசம் இருபத்தொன்பது இல்லைன்னு என் பொண்டாட்டி டெல்மா இன்னைக்கே ஞோக்கி போட்டுட்டா. எனக்கும் அவளுக்கும்தான் கணக்கு, இழுத்துப் புடிச்சா இன்னும் ஒரு தட்டு தேறும். பங்கு போட்டுக்குவீங்களா, இல்ல அதுக்கும் கிழமை பிரிக்கணுமா?"

நாற்காலிகளெல்லாம் மேசைகள்மேல் கவிழ்ந்து தூங்கின. ஒரே ஒரு மேசையை இறக்கிப்போட்டார். ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி. நான் பழக்கதோஷத்தில் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவன் எப்போதும்போல் என் எதிரே இருந்தான்.

"அங்க என்ன தேடுற?" என்றான் தலையைத் தூக்காமல். "இங்கதான இருக்கேன்."

அப்படியானால் எட்டு வருடமும் அவனும் அதைத்தான் பார்த்திருக்கிறான். ஞோக்கி என் கரண்டியிலிருந்து வழுக்கி விழுந்தது.

சட்டைப் பையிலிருந்து ஜனவரி நோட்டை எடுத்துத் தட்டுக்கு அடியில் வைத்தான். என்னிடம் நோட்டு இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டோம். கடைசி உருண்டையை அவன் என் பக்கம் தள்ளினான், நான் அவன் பக்கம் தள்ளினேன், முடிவில் அது ஆறிப்போய் நடுவிலேயே கிடந்தது.

தட்டைத் தூக்கி நோட்டை என்னிடம் நீட்டினான். "நீ வச்சுக்க. நான்தான் வியாழக்கிழமை போறேனே."

அதை வாங்கி மடித்து, திரும்ப அவன் சட்டைப் பையிலேயே செருகினேன்.

"நீதான் வச்சுக்கணும். அடுத்த இருபத்தொன்பதுக்கு எடுத்துட்டு வா."

விரல்விட்டு எண்ணினான். "செவ்வாய்க்கிழமை வருது. உன் நாள்."

"என் நாள்தான். நான் கூப்பிடுறேன், குண்டு."

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"எர்மினியோ! வியாழக்கிழமை என்ன சமையல்?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. எர்மினியோ கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"வியாழன் அந்தம்மா நாளாச்சே!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன்.

"வரட்டும்," என்றேன்.