சரிபார்த்தவர் பெயர்

ஒரே மூச்சில் படித்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது என்று சபூரா நினைத்தாள். பள்ளிவாசல் காலண்டருக்கான அச்சுத்தாளில் நபிகளின் இறுதிப் பேருரை இருந்தது. பல நூல்களில் சிதறிக் கிடந்த நபிமொழி அறிவிப்புகளை யாரோ ஒரே உரையாகக் கோத்திருந்தார்கள். சில துண்டுகளைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. அடியிலோ, ‘முழுவதும் ஆதாரப்பூர்வமானது. சரிபார்த்தவர்: ஆலிமா சபூரா’ என்று, மார்க்கக் கல்வி முடித்த பட்டத்தோடு அவள் பெயர் இருந்தது.

“கையெழுத்து போடு புள்ள” என்றான் அண்ணன் இல்யாஸ். “காலண்டர் வந்தா உன் பொம்பளைங்க கிளாசுக்கு மாடி ரூம் தரோம்னு பள்ளிவாசல் ஜமாஅத்துல சொல்லிக்கீறாங்க.”

“எது எந்த நூல்ல வந்திச்சின்னு கீழ போடலாமேண்ணே.”

“கீழ பிரியாணிக் கடை விளம்பரம் கீது. ஒரகடம் கம்பெனியில பார்ட் செக் பண்றா மாரியே இதையும் பாக்குற!”

அவளும் சிரித்துவிட்டாள். அங்கே, எந்தத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் லாட் நம்பர் இல்லாத பார்ட், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கழித்துப் போடும் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும்.

பதினோரு பெண்கள் அவள் வீட்டின் இந்த ஒற்றை அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஓதுகிறார்கள். மாடி அறை அவளுக்கு வேண்டும், ரொம்பவே வேண்டும்.

பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

“என் பேரை எடுத்துடுங்கண்ணே. டீ ஆறுது, குடிங்க.”