பத்தாவது கதவு

புது வீடு வேண்டுமென்று கேட்க அந்தக் குடியிருப்பில் அநேகமாக ஆளே இல்லை என்று கணக்கு சொன்னபோது, கணக்கக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அது அவளே போட்ட கணக்கு.

நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பழைய தொழிற்சாலை தன் ஆட்களுக்காகக் கட்டிப்போட்ட வரிசை வீடுகளைப் பற்றியது இந்தக் கணக்கு. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி நிலம் இருக்கிறது. அங்கே புது வீடுகள் கட்டலாமா, வண்டி நிறுத்துமிடம் கட்டலாமா என்று மன்றம் முடிவெடுக்க வேண்டும். வீடு உண்மையிலேயே தேவையா என்று ஜனங்களையே கேட்டுவிட்டு வரும்படி தலைவர் அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

எல்லாக் கதவையும் தட்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுத்தாள். பத்து வந்தது. பத்தாவது வீடு, இருபதாவது வீடு, முப்பதாவது வீடு என்று பத்துக்கு ஒன்றாகப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தாள். யாருக்கும் சலுகை இல்லை, யார்மீதும் வஞ்சம் இல்லை. இதைவிடச் சுத்தமான முறை உண்டா என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: இடம் தாராளமாக இருக்கிறது, ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. காலை நேரத்தில் குழாயடியில் அந்தக் குடியிருப்பே முட்டிமோதுவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் கண்ணால் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்காகாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளும் அவள்தானே. பதில்களை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தாள்.

வீடுவீடாகப் போய்க் கேட்டு வந்த பெண்ணுக்குச் சுருட்டை என்று பெயர், தலைமுடி அப்படி. அவள் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"அக்கா, இவ்வளவு சொகுசான வேலைய நான் பார்த்ததே இல்ல. எல்லா வீட்லயும் பக்கவாட்டுல ஜன்னல். காத்து பிச்சுக்கிட்டு வருது!"

"பக்கவாட்டுலயா? அது ஒட்டுச் சுவர் வீடுடி. இந்தப் பக்கமும் வீடு, அந்தப் பக்கமும் வீடு. அங்க ஏது ஜன்னல்?"

"இருக்குக்கா. வண்டியக்கூட அந்த ஜன்னலுக்குக் கீழ, நிழல்லதான் நிறுத்தினேன்."

கணக்கக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதல் வரிசையில் நின்று விரல் விட்டு எண்ணினாள். பத்தாவது வீடு தெருமுனையில் இருந்தது. அடுத்த வரிசையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. வரிசைக்குப் பத்து வீடு. தொழிலாளிகளுக்கு ஒற்றை அறையாகக் கட்டியவர்கள், முனையில் மட்டும் மேஸ்திரிக்கென்று ஓர் அறை கூடுதலாக வைத்து, பக்கவாட்டில் ஜன்னலும் விட்டுக் கட்டியிருந்தார்கள். சொல்லிவைத்தாற்போல எல்லா மேஸ்திரி வீடுகளையும் தேடிப் போய், "ஐயா, உங்களுக்கு இடம் போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறது அவளுடைய சுத்தமான முறை! நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தலைவர் அறையில் நகராட்சிப் பொறியாளரும் இருந்தார். வண்டி நிறுத்துமிடத்துக்கான வரைபடத்தைப் பெற்ற பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி, திரும்பக் கணக்கெடுக்க வேண்டும் என்றாள்.

"ஏம்மா, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பொறியாளர்.

"இப்பவும் அதைத்தான் சொல்றேன் சார். ஆனா பானை ஓரத்துலயே எடுத்து எடுத்துப் பார்த்தா, நடுவுல இருக்கறது வெந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

"அப்போ பிடிச்ச விடை வர்ற வரைக்கும் குலுக்கிக்கிட்டே இருப்பீங்களா?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. இதற்குப் பதில் சொல்லாவிட்டால் நிலமும் போகும், இனி அவள் போடும் எந்தக் கணக்கையும் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

"சீட்ட நான் தொடவே மாட்டேன். வரிசை வரிசையா தனித்தனியா குலுக்குவோம். நீங்களே எடுங்க சார். கதவு தட்டறப்பவும் கூடவே வாங்க. மறுபடியும் வீடு வேணாம்னே வந்துச்சுன்னா, வண்டி நிறுத்துமிடம்தான் சரின்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன். மூணாவது தடவை கேட்க மாட்டேன்."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வீட்டில் அவள் புருஷன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, வாயில் கடித்திருந்த நூலை எடுத்தான். "வீம்புக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டியா?"

"வீம்பெல்லாம் இல்லைங்க. உள்ளுக்குள்ள உதறுது."

"உதறினாலும் பேசறது உன் வாயாச்சே," என்று சிரித்தான் அவன். அவளுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பொறியாளர் தன் தலைக்கவசத்திலேயே சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வரிசைக்கு இரண்டாக எடுத்தார். இரண்டாம் வரிசைக்கு எடுத்ததில் ஒன்று மறுபடியும் முனை வீடாகவே வந்தது. மனிதர் முகத்தில் அப்படியொரு பிரகாசம்! கணக்கக்கா மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டாள். முனை வீட்டுக்காரரும் மனிதர்தானே, அவருக்கும் ஒரு முறை வந்துதான் தீரும்.

பகலில் போனால் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. "பக்கத்து வீட்ல ஆளு இருக்கு, அங்க கேட்டுக்கலாமே?" என்றாள் சுருட்டை.

"கூடாது. பூட்டின வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருக்காங்க. வீட்ல உட்கார்ந்திருக்கறவங்களையே கேட்டா, அதுவும் ஓரத்துச் சோறுதான். சாயங்காலம் திரும்ப வருவோம்."

சாயங்காலம் ஒரு வீட்டில் மருத்துவமனைச் சீருடையைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் கதவைத் திறந்தாள். அறையின் குறுக்கே கயிறு கட்டிப் போர்வை தொங்கியது. அந்தப் பக்கம் அவள் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் அவள் குடும்பம். கட்டில் ஒன்றுதான். இரவு வேலைக்குப் போகும் அண்ணன் பகலில் படுப்பான். அவன் எழுந்து போனபின் மற்றவர்கள் முறைவைத்துப் படுப்பார்கள். "வாங்க சார், உட்காருங்க," என்றாள் அவள் வாய் நிறைய. பொறியாளர் உள்ளே வருவதற்கு அவளுடைய பெரிய பையன் வெளியே போக வேண்டியிருந்தது.

எள் விழ இடமில்லை என்று எத்தனையோ கூட்டத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார் அவர். ஒரு வீட்டைப் பார்த்து அப்படித் தோன்றியது அன்றைக்குத்தான். கணக்கக்கா கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்டார். "ஏம்மா, உங்களுக்கு வீடு வேணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். "இதைக் கேட்கறதுக்கு இப்பதான் ஒருத்தர் வந்திருக்கீங்க சார்."

அதன்பிறகு கதவு தட்டும் வேலையைப் பொறியாளர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மன்றம் கூடிய அன்று குடியிருப்பே திரண்டு வந்து சுவரோரம் நின்றது. கணக்கக்கா எழுந்தாள். முதல் கணக்கு எப்படித் தப்பாகப் போனது என்பதைத்தான் முதலில் சொன்னாள். அது தன் பிழை என்றும் சொன்னாள். பிறகு புதுக் கணக்கைச் சொன்னாள். கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல், ஒரு கூரையின்கீழ் இரண்டு குடும்பமோ அதற்கு மேலோ நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தது பழைய கணக்கு.

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? வண்டி நிறுத்துமிடம் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவர் நீங்கதானே?"

பொறியாளர் எழுந்தார். "சீட்டு எடுத்தது என் கை. கதவு தட்டினதும் இதே கை. இனி நான் என்னத்தச் சொல்ல? வீடு கட்டுங்க."

வீடு கட்ட ஒப்புக்கொள்ளும் உறுப்பினர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எதிர்வரிசையிலிருந்தும் மடமடவென்று எழுந்தன. சுவரோரம் யாரோ விசும்பினார்கள், யாரோ சீட்டியடித்தார்கள். கணக்கக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"அம்மா," என்றார் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க உறுப்பினர் இல்ல. உங்களுக்கு ஓட்டு கிடையாது."

அப்போதுதான் தன் கையும் மேலே நிற்பதை அவள் பார்த்தாள். மன்றமே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் தலைவர் எண்ணி முடிக்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.