இருநூற்றுப் பதினெட்டாம் சீட்டு

பதினொரு ஆண்டுகளாக என் கணவர் குணாளன் என்னை ஏமாற்றப் பார்க்கிறார். மேஜிக்கைச் சொல்கிறேன்; மற்ற விஷயங்களில் அவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வாரத்தில் ஐந்து நாள் செனாய் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி, ஞாயிறு யார் வீட்டிலாவது பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ‘மேஜிக் குணா’ ஆகிவிடுவார். எந்த வித்தையையும் முதலில் எனக்குத்தான் செய்து காட்டுவார். நான் வெங்காயம் நறுக்கியபடியே, கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவர் முகம் தொங்கிவிடும். ஒரு தடவையாவது என் கண்ணில் மண்ணைத் தூவிவிட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை.

இந்த ஆண்டு பண்டார் தெங்காராவில் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் நடத்திய திறமைப் போட்டிக்கு அவரையே அறிவிப்பாளராகப் போட்டார்கள். ஒவ்வொரு போட்டியாளரையும் ஒரு வித்தையோடு மேடைக்கு அழைக்க வேண்டும் என்று செயலாளர் தியாகராஜன் கேட்டுக்கொண்டாராம். மூன்று வாரம் மனிதர் கால் தரையில் படவில்லை.

“ஒன்னாச்சும் நீ கண்டுபிடிக்க முடியாத மாதிரி செய்யறேன், பாரு மதி” என்று சவால் விட்டார். பார்க்கலாம் என்றேன்.

உண்மையில் என் கண் வேறொன்றில் இருந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் அதிர்ஷ்டக் குலுக்கு. முதல் பரிசு சலவை இயந்திரம். எங்கள் வீட்டு இயந்திரம் தைப்பூசத்துக்கு முன்பே உயிரை விட்டிருந்தது. அன்றிலிருந்து பாதித் துணி டோபிக் கடைக்கு, மீதி என் கைக்கு. மண்டப வாசலில் எனக்குக் கிடைத்த சீட்டு இருநூற்றுப் பதினெட்டு. சீட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார்கள், மறு பாதியை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டார்கள். டின்னுக்குள் கைவிட்டு எடுக்கப்போவது என் புருஷன்தான் என்று தெரிந்ததும், மேடைக்குப் பின்னால் போய் எண்ணைச் சொன்னேன்.

“விரல்லதான் வித்தை இருக்கே. கொஞ்சம் நம்ம பக்கம் பாத்து எடுங்களேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். முழுக்க விளையாட்டு என்று சத்தியம் செய்ய மாட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அதற்குப் பெயர் மேஜிக் இல்லை, திருட்டு என்றார். நான் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

சிறப்பு விருந்தினர் வழக்கம்போல முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு, குத்துவிளக்கேற்றினார். அப்புறம்தான் ஆட்டம் சூடு பிடித்தது.

முதலில் லோஷினி என்ற பத்து வயதுப் பெண். அவளை அழைக்க என் கணவர் வெறுங்கையை உதறினார். காகிதப் பூங்கொத்து ஒன்று விரிந்தது. மண்டபம் கைதட்டியது. அவர் மட்டும் என்னைப் பார்த்தார். நான் என் இடது முழங்கையைத் தட்டிக் காட்டினேன். அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். லோஷினியோ இடுப்பில் ஐந்து வளையங்களைச் சுழற்றிக்கொண்டே ஒரு மலாய்ப் பாட்டை மூச்சு வாங்காமல் பாடி முடித்தாள்.

அடுத்து உறுமி அடிக்கும் இரண்டு சகோதரர்கள். அவர்களுக்காக ஒரு முட்டையை மறைய வைப்பதாக அறிவித்தார். முட்டை கோட்டின் உள்பைக்குள் போனதை நான் பார்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பையன்கள் ஆர்வக்கோளாறில் உறுமியை ஓங்கி அடிக்க, இவர் திடுக்கிட்டு மேசையில் இடித்துக்கொண்டார். மஞ்சள் கரு கோட்டிலிருந்து கால்சட்டைக்கு ஒழுகியது. இவர் குனிந்து பார்த்துவிட்டு மைக்கை எடுத்தார்.

“முட்டை மறையும்னுதான் சொன்னேன். எங்க மறையும்னு நான் சொல்லவே இல்லயே.”

மண்டபம் குலுங்கியது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து நாற்காலி அம்மாவிடம், கேட்காமலேயே, அது என் வீட்டுக்காரர் என்று சொன்னேன்.

கடைசியாக எண்ணெய்ப்பனை ஆலையில் லோரி ஓட்டும் அர்ச்சுனன் வந்தார். விடியற்காலையில் காஸ்வே கடற்பாலத்தில் ஆயிரம் மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூருக்குள் நுழைய முண்டியடிக்கும் சத்தத்தை வாயாலேயே கொண்டுவந்தார். தினமும் அந்த வழியில் வேலைக்குப் போகிறவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். முதல் பரிசு அவருக்கு, இரண்டாவது லோஷினிக்கு.

பிறகு குலுக்கு. அந்தப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார்கள். காற்றாடியும் ரைஸ் குக்கரும் யார் யாருக்கோ போயின. சலவை இயந்திரத்தை மேடையில் தள்ளிக்கொண்டு வந்தபோது, டயர் கடை வீரமுத்து பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

“மேஜிக்காரன் கையில டின்னக் குடுத்தா, சாமான் அவன் வீட்டுக்குத்தான் போகும் லா.”

கேலிதான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் நீண்டது. இவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டி, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு டின்னுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். அந்தக் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை. அக்குளில் இடுக்கியிருந்த டின் மூடி நழுவி விழுந்து, கணகணவென்று மேடையில் உருண்டது. குனிந்து எடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். பாவம், பயத்தில் உதறுகிறது என்று நினைத்தேன்.

“நானூற்று ஆறு” என்று வாசித்தார்.

எனக்குச் சப்பென்றாகிவிட்டது. பின்வரிசையில் வீரமுத்துவின் மனைவி மலர் துள்ளி எழுந்தார். நானூற்று ஆறு வீரமுத்துவின் சீட்டு! மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே மேடையேறி மைக்கை வாங்கினார்.

“தம்பி, மன்னிச்சிருங்க. இவ்ளோ சுத்தமான கைய நான் பாத்ததே இல்ல.”

மண்டபமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், பாதி மனதோடு.

காரில் வரும்போது, நான் கண்டுபிடித்த வித்தைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். வழக்கமாக வாதாடுகிறவர் அன்று விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும், கோட்டைத் தானே துவைப்பதாகச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்தறியாத மனிதர். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவர் எழுவதற்குள் கோட்டை வாளியில் ஊறவைத்தேன். முட்டை காய்ந்து உள்பை பசையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த கருவோடு சேர்ந்து ஒரு காகிதம் வந்தது. தண்ணீரில் அலசி விரித்தேன். இருநூற்றுப் பதினெட்டு.

முதலில் வந்தது கோபம்தான். டின்னுக்குள் பார்க்காமல் எடுத்து, நேர்மையாக வந்த எண். என் பரிசு. அதைத் தூக்கி வீரமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு, மேடையில் நல்ல பிள்ளைபோல நின்றிருக்கிறார். அங்கே சுகமாகத் துணி சுழன்றுகொண்டிருக்கும். இங்கே நான் முட்டை சுரண்டுகிறேன். அவரை எழுப்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஈரக்கையோடு கிளம்பினேன்.

குளியலறை வாசலைத் தாண்டவில்லை. அந்த மூடி நினைவுக்கு வந்தது; அது உருண்டபோது என் கண்ணும் அதன் பின்னால்தான் போயிருந்தது. நான் அவர் கையை என்றைக்குமே அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. அத்தனை பேர் முன்னால், கோட்டுக் கை மறைவுகூட இல்லாமல், என் கண்ணெதிரிலேயே ஒரு சீட்டு போய் டின்னிலிருந்து இன்னொரு சீட்டு வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

சத்தம் கேட்டு எழுந்து வந்தார். சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். திருட்டு முழி முழித்தார்.

“நம்ம நம்பரப் படிச்சிருந்தா யாரு நம்பியிருப்பா, மதி?”

இயந்திரத்துக்கான சண்டையை மத்தியானத்துக்கு ஒத்திவைத்தேன். அடுக்களையிலிருந்த பிஸ்கட் டின்னைக் கொட்டிக் கவிழ்த்து, காகிதத் துண்டுகளைக் கிழித்துப் போட்டு, அவர் கையில் திணித்தேன்.

“மறுபடி செஞ்சு காட்டுங்க.”

செய்தார். மூடி உருண்டது. இந்தத் தடவை மூடியைப் பார்க்காமல் விரலையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். பிறகு கிட்டே போய், மூக்கு அவர் கையில் இடிக்க நின்று பார்த்தேன்.

“எங்கங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். பதினொரு ஆண்டில் அவரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.