அக்கா கொடுத்த புகார்

காவல் நிலையத்தில் எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டிருந்தார்கள். மனநல ஆஸ்பத்திரியின் நர்ஸம்மா அதில் உட்கார்ந்திருப்பாள். அதுவரை ஆஸ்பத்திரியும் காவல் நிலையமும் மாமியார் மருமகள் மாதிரிதான் இருந்தன. ஒன்று சொன்னதை மற்றது காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது கைகோத்து வேலை செய்கிறார்களாம், அதற்கு அத்தாட்சி இந்த மேசை. ஒரு கால் ஆடும் என்பதால் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

லாண்டரியில் இஸ்திரி போடும் அக்கா அங்கே வந்து சேர்ந்தபோது அலைந்து அலைந்து ஓய்ந்துபோயிருந்தாள். அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கைராசிக்காரன் என்று பேர் எடுத்தவன், மாத்திரையை நிறுத்தியதிலிருந்து ஆளே மாறிவிட்டான். சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று வீட்டு சுவிட்சுகளையெல்லாம் கழற்றிப்போட்டுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் படுக்கை காலியில்லை, பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். காவல் நிலையத்தில் கேட்டால், சும்மா உட்கார்ந்திருக்கிறவனை எந்தக் குற்றத்துக்காகத் தூக்குவது என்றார்கள். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். இப்படியே விட்டால் செத்துப்போவான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நர்ஸம்மா நல்லவள். அதுதான் வினையாகப் போயிற்று. நீதிமன்றம் அனுப்பும் ஆட்களுக்கென்று ஆஸ்பத்திரியில் தனி வார்டு இருந்தது, அங்கே மட்டும் படுக்கைக்குப் பஞ்சமில்லை. எழுத்தர் டீ குடிக்க எழுந்துபோன சமயம் பார்த்து அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க தம்பி உங்களை அடிச்சாரா?"

"அவனா? எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்."

"அடிச்சிருந்தா வழக்கு ஆகும். வழக்கு ஆனா இன்னைக்கே படுக்கை கிடைக்கும். நான் வேற எதுவும் சொல்லல."

அவள் நீட்டிய சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான், அவ்வளவுதான் அவன் செய்தது. ஆனால் எழுத்தர் வந்து உட்கார்ந்ததும் அடித்தான் என்றாள் அக்கா. எதைக் கொண்டு என்று கேட்டார். அவன் கையை விட்டுப் பிரியாத ஸ்குரூடிரைவர் நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டு குத்த வந்தான் என்றாள். அவள் முழங்கையில் இஸ்திரிப் பெட்டி பட்ட காயத்தை எழுத்தர் தாமாகவே சேர்த்து எழுதிக்கொண்டார். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நர்ஸம்மா முன்னால் போய் இதமாகப் பேச, தம்பி முரண்டு பிடிக்காமல் வண்டியில் ஏறினான். பொழுது சாயும் முன்பே படுக்கை கிடைத்தது. ஊசி, மாத்திரை, வேளாவேளைக்குச் சாப்பாடு. கன்னத்தில் சதை பிடித்தது, சுவர்களும் வாயை மூடிக்கொண்டன. தம்பி பிழைத்தான் என்று அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒருநாள் பார்க்கப் போனபோது அவன் அவள் முழங்கைத் தழும்பைத் தடவிப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாசத்தில் அழுகிறான் என்று அவள் நினைத்தாள். நீதிமன்றம் அவனுக்கு அமர்த்திய வழக்கறிஞர் புகாரை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது.

குணமாகிவிட்டான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று காத்திருந்தாள். குணமாகிவிட்டதால் இனி வழக்கை நடத்தலாம் என்றார்கள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஓடினாள். அடி வாங்கிய அக்கா, தங்கை, பெண்டாட்டி எல்லோரும் கடைசியில் இதைத்தான் சொல்கிறார்கள் என்றார் அரசு வழக்கறிஞர். நர்ஸம்மாவிடம் போனாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு தெரிஞ்சா அந்த மேசையையே எடுத்துடுவாங்க. அதை நம்பி எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் வந்தால் அவளுக்கென்ன, அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. யார் தலை உருண்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள்.

அவளைக் கூப்பிடும் முன் தம்பியைக் கேட்டார்கள். நோயின் பிடியில் தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம் என அவனுடைய வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவனோ நேராக நின்று, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றான். நடந்தது நினைவிருக்கிறதா என்று நீதிபதி கேட்டார்.

"இல்லைங்கய்யா. ஆனா எங்கக்கா பொய் சொல்ல மாட்டா."

அக்கா எழுந்தேவிட்டாள். அவன் என்னைத் தொடவேயில்லை, நான்தான் பொய் சொன்னேன், படுக்கைக்காகச் சொன்னேன் என்று கத்தினாள். அந்த அறையில் யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த பெண் ஒருத்தி வந்து அவள் தோளை அணைத்து, தண்ணீர் கொடுத்தாள். நீதிபதி முழங்கைத் தழும்பைப் பார்த்தார், இரக்கத்தோடுதான் பார்த்தார். அக்கா கடைசி வரிசையில் இருந்த நர்ஸம்மாவைத் தேடினாள். நர்ஸம்மா தலை நிமிரவில்லை.

சிறைத் தண்டனை என்று தீர்ப்பானது. மாத்திரை உள்ளேயே வந்துவிடும், இரண்டு இலாகாவும் சேர்ந்து கவனித்துக்கொள்ளும் என்றார்கள். காவலர் கையைப் பிடித்து அழைத்துப்போகும்போது தம்பி அவளருகே நின்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் கண்கள் தெளிந்திருந்தன.

"போதும்க்கா," என்றான். "எனக்காக நீ பொய் சொல்லாதே."